ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்த கால்

நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் வலது கால் மூன்றே மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான். சிரிக்காதீர்கள். சிரிப்பதற்கு முன்னால் நீங்கள் நிரப்பிய படிவங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் என்ன கிடைக்கும்? ஒன்று தற்பெருமை, இல்லாவிட்டால் அறிவுரை. இரண்டையும் தாராளமாக வழங்க உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் பயந்த கதையைச் சொல்கிறேன். எலும்பு ஆபரேஷன் செய்துகொண்டு போனவர்களை ஊர் ஊராகத் தேடிப் போய், எப்படி நடக்கிறார்கள், எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் இத்தனை வருஷமும் என் பிழைப்பு. அதில் ஒரே ஒரு நாள், காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை நான் பயந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நம் ஜனங்கள் வலியைச் சொல்லும் அழகு உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லுங்கள் என்றால், "பரவாயில்லங்கய்யா" என்பார்கள். முழங்கால் மாற்றிக்கொண்ட திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் டாக்டரிடம் இரண்டு என்றார், வெளியே வந்து என்னிடம் ஐந்து என்றார், ஆட்டோவில் ஏறும்போது சம்சாரத்திடம் ஒன்பது என்றார். "என்னய்யா இது, ஆளுக்கொரு கணக்கா இருக்கு?" என்று கேட்டேன். "டாக்டரு மனசு சங்கடப்படக் கூடாதுல்ல?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதெல்லாம் அத்துபடி என்று மிதப்பில் இருந்தேன். ஜனங்கள் சொல்லும் வார்த்தையை நம்பமாட்டேன், நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். அந்த மிதப்புதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது நடந்துகொண்டிருந்தது இடுப்பெலும்பு முறிவு பற்றிய ஆய்வு. முறிந்த எலும்பைத் தண்டும் திருகும் வைத்து இறுக்கியவர்கள் எத்தனை மாதத்தில் பழையபடி குத்தவைத்து உட்காருகிறார்கள், மேடு ஏறுகிறார்கள் என்று பார்ப்பது. நம் பள்ளத்தாக்கில் இது பெரிய கேள்வி. பாதிப் பேர் விடிந்தால் ஜீப்பில் ஏறிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். சரிவில் நின்று, குனிந்து, செடியின் அடியில் கை விட்டு எடுக்கிற வேலை. இடுப்பு ஒழுங்காக இல்லாதவர்கள் அங்கே ஒரு மணி நேரம் தாங்க மாட்டார்கள்.

பண்ணைப்புரத்துப் பேச்சியம்மாள் அப்படி ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து வந்தவள். தேனியில் எங்கள் டாக்டரம்மா ஆபரேஷன் செய்தார். எலும்பு கூடும்போது கொஞ்சம் அமுங்கி, வலது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டது. சிலருக்கு அப்படி ஆகும். மூன்றாம் மாதம் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அங்கே ஒருவர் அளந்து எழுதியிருந்தார். நான் அதுவரை பேச்சியம்மாளைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை, கட்டிலில், அதுவும் ஆபரேஷனுக்கு முன்னால் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தபோது.

ஆறாம் மாதப் பரிசோதனையைத் தேவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு நடத்தினோம். நல்ல மழை. வெளியே நிற்க இடமில்லாமல் எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எங்களோடு வரவேண்டிய நர்ஸம்மா அன்று விடுப்பு. அவர் அண்ணன் பிள்ளைக்கு ஞானஸ்நானம். பெண் ஊழியர் இல்லாமல் முகாம் போடக் கூடாது, தள்ளிவைத்திருக்க வேண்டும். மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, ஜனங்களுக்கும் சொல்லியாயிற்று, இதற்குப் போயா தள்ளிவைப்பது என்று நான்தான் முடிவெடுத்தேன்.

பேச்சியம்மாள் என்று கூப்பிட்டதும் ஒரு பெண் எழுந்து வந்தாள். ஆதார் அட்டையைக் காட்டினாள். ஆதார் அட்டையில் இருக்கிற முகம் யாருக்குத்தான் பொருந்தாது? எனக்கே பொருந்தும். நடக்கச் சொன்னேன், நடந்தாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன், எழுந்தாள். குத்தவைக்கச் சொன்னேன், வீட்டு வாசலில் கோலம் போடுவதுபோலச் சாதாரணமாக உட்கார்ந்தாள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீகளா, எங்க டாக்டரம்மா கை அப்படி" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பீற்றிக்கொண்டேன். பெஞ்சில் படுக்கவைத்து, சேலைக்கு மேலேயே டேப்பை வைத்து, இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன். இரண்டு காலும் சமம். எழுதினேன்.

படிவத்தில் அடுத்த வரி: 'அறுவைத் தழும்பு நேரில் பார்க்கப்பட்டதா?' தழும்பு இருப்பது இடுப்பின் பக்கவாட்டில். சேலையை விலக்கு என்று ஒரு பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? மண்டபம் நிறைய ஆட்கள், நர்ஸும் இல்லை. "தையல் போட்ட எடம் நல்லா ஆறிருச்சாத்தா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆறிருச்சுய்யா" என்றாள். 'ஆம்' என்று டிக் போட்டேன். தப்புச் செய்கிறோம் என்று துளிகூடத் தோன்றவில்லை. கண்ணியமாக நடந்துகொண்டோம் என்றுதான் நினைத்தேன். இதுதான் நீங்கள் பயப்படவேண்டிய இடம்.

முகாமில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்போம். நடை எப்படி என்று எழுதி முத்திரை குத்தியிருக்கும். 'நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போனாள். நன்றி சொல்ல வந்து கூச்சத்தில் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அல்லிநகரத்து அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு, கணினியில் எல்லாவற்றையும் ஏற்றுகிற பெண் என் மேஜைக்கு வந்தாள். "சார், இந்தம்மாவுக்குக் கால் வளந்திருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்றாம் மாதம் ஒன்றரை குறைவு, ஆறாம் மாதம் சமம். டேப் நழுவியிருக்கும், திருத்திவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். எண்ணின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான் வேலை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். தாளை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, நம்பர் தப்பா, ஆள் தப்பா?"

"ஆள் எப்படிங்கம்மா தப்பாகும்? ஆதார் பாத்துத்தான்..."

"தழும்பு பாத்தீங்களா?"

நான் "பார்த்தேன்" என்று சொன்னேன்.

பொய் சொல்லவேண்டும் என்று யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. படிவத்தில் 'ஆம்' இருக்கிறது, கீழே என் கையெழுத்து இருக்கிறது, வேறு என்ன சொல்வது? அவர் என்னை நம்பினார். "அப்ப டேப்பாத்தான் இருக்கும். மறுபடி அளந்துருங்க" என்று சொல்லிவிட்டு வெளிநோயாளிகளைப் பார்க்கக் கிளம்பினார்.

அவர் போனதும் பேனாவை மூடிவைத்தேன். டேப் கொஞ்சம் நழுவும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் குத்தவைத்த விதம் கண் முன்னால் வந்து நின்றது. எலும்பு அமுங்கிக் கால் குட்டையான பெண் ஆறாம் மாதத்தில் அப்படி உட்காரமாட்டாள். தழும்பு ஆறிவிட்டதா என்று கேட்டதும் தலையைக் குனிந்தாளே, அது வெட்கமா? சீட்டை வாங்கும்போது என்னைப் பார்த்தாளே, அது நன்றியா? வந்தது வேறு ஒருத்தி என்றால், வரமுடியாத நிலையில் இருக்கிற பேச்சியம்மாள் இப்போது எங்கே? நான் முத்திரை குத்திக் கொடுத்த சீட்டு யார் கையில், எதற்காக?

சொன்னால் வேலை போகும், மானம் போகும். என் கையெழுத்து இருக்கிற ஒரு தாளையும் இனி யாரும் நம்பமாட்டார்கள். சொல்லாவிட்டால், கோடு போட்டு அடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நல்லவனாக இருந்தால் உடனே எழுந்து ஓடியிருப்பேன். நான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போனேன். ஒரு நோயாளியின் முழங்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், எல்லோர் முன்னாலும், "அம்மா, நான் தழும்பைப் பாக்கல" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டவில்லை. "வண்டியை எடுங்க. படுக்கவச்சுத் தூக்குற ஸ்ட்ரெச்சரும் எடுத்துட்டுப் போங்க. அந்தம்மா காலை ஊன்றக் கூடாது" என்றார். ஸ்ட்ரெச்சர் என்று அவர் சொன்னபோதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று தெரிந்தது.

பண்ணைப்புரம் போய்ச் சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. வீட்டு வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு காலாலும் வேகமாக மிதித்துக்கொண்டிருந்தாள், முகாமுக்கு வந்த அதே பெண். என்னைப் பார்த்ததும் மிதி நின்றுவிட்டது.

"ஏத்தா, பேச்சியம்மா எங்க?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. மிஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் பெயர் ஈஸ்வரி, பேச்சியம்மாளின் தங்கை, ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். "அக்கா மலைக்குப் போயிருச்சுய்யா. ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தாத்தான் ஜீப்புல ஏத்துவோம்னு தோட்டத்துல சொல்லிட்டாக. அதுக்கு ஒழுங்கா நடக்க முடியலய்யா, செவத்தப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நடக்கும். வேலைக்குப் போகச் சொல்லி அத்தான் ஒரே சத்தம். நான்தான், நான் போறேன்க்கான்னு சொன்னேன்."

"போக ஆரம்பிச்சு எத்தன நாளாச்சு?"

"இன்னைக்கோட நாலு நாளு. ராத்திரியெல்லாம் முனகுது. கேட்டா ஒண்ணுமில்லங்குது."

நாலு நாள். முறிந்த எலும்புக்குள் இருக்கிற திருகு, எலும்பைக் குடைந்துகொண்டு மூட்டுக்குள் இறங்கிவிட்டால், நடக்க நடக்க மூட்டுக் கிண்ணத்தை அரைத்துத் தள்ளிவிடும். முழுக்கப் போய்விட்டால் மாற்று மூட்டு வைக்கக்கூடப் பிடிமானம் இருக்காது. அந்தப் படத்தை நான் எத்தனையோ எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு அவள் சரிவில் ஏறி இறங்குகிறாள். இறங்கி முடித்ததும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வருவாள்.

அவளிடம் போன் இல்லை. தோட்டத்து ஸ்டோரில் இருப்பவர் நம்பர் மட்டும் ஈஸ்வரியிடம் இருந்தது. டயல் செய்யப் போனவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்னன்னு சொல்லப் போற?"

"ஆத்தாளுக்கு முடியலன்னு சொல்றேன்யா. ஒடனே எறங்கி வந்துரும்."

"அட பாவி மகளே, ஓடிவருவாளே! ஓடினா அவ கால் போச்சு!"

நான் வாங்கிப் பேசலாம். ஆனால் ஆய்வில் இருக்கிற ஒருத்தியின் உடம்பு நிலையை அவளுக்கு வேலை கொடுக்கிறவரிடம் நான் சொல்லக் கூடாது. சொன்னால் அவளை இனி யாரும் ஜீப்பில் ஏற்றமாட்டார்கள். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் என்ன ஆகுமோ. விதிமுறையைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்கத் தெரியும். அந்த வாசலில் நின்றபோது என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையை விட்டுவிட்டேன். என் முகத்தை ஈஸ்வரி பார்த்தாள், என்ன புரிந்துகொண்டாளோ, அவளே டயல் செய்தாள்.

"அண்ணே, பேச்சியம்மா தங்கச்சி பேசுறேன். அவளக் கூப்பிட வேணாம்ண்ணே. நீங்க அவகிட்டப் போங்க. எங்கன நிக்கிறாளோ அங்கனயே உக்கார வைங்க, ஒரு எட்டு நடக்க விடாதீக. அவளுக்குக் கால் சரியில்ல. ஆஸ்பத்திரியில நடந்து காட்டுனது அவ இல்ல, நாந்தான். தப்பு எம்மேலதான்ண்ணே."

அக்காளின் வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். நான் ஐந்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ஸ்டோர்க்காரர் மலையாளமும் தமிழுமாக, "பேடிக்கண்டா, நான் போய் நோக்குறேன்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அப்புறம் மறுபடி எத்தனை தடவை கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை.

ஈஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு மலையேறினோம். ஸ்டோர்க்காரர் போய்ச் சேர்ந்தாரா? சேர்ந்தபோது அவள் எங்கே நின்றாள்? பாதி வழியில் தோட்டத்து ஜீப்புகள் இறங்க ஆரம்பித்துவிட்டன. பின்னால் பெண்கள் நெருக்கிக்கொண்டு, சிலர் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. ஒவ்வொரு ஜீப்புக்கும் எங்கள் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி மறித்தார். ஈஸ்வரி தலையை வெளியே நீட்டி, "எங்க அக்கா இருக்கா? பேச்சி இருக்காளா?" என்று கத்தினாள். இல்லை என்று வந்த ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நொடி நிம்மதி, அடுத்த வளைவில் மறுபடி பயம். எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிவிட்டேன், தெரியாததையும் சொன்னேன்.

தோட்டத்து ஸ்டோரில் சாக்குகளை அடுக்கி, அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். ஸ்டோர்க்காரரும் நாலு பெண்களும் படுதாவில் போட்டுச் சரிவிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க டேப் தேவைப்படவில்லை. என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஈஸ்வரி போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

தேனியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். திருகின் முனை வெளியே வந்து கிண்ணத்தைத் தொட்டுவிட்டது. டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அரைக்க ஆரம்பிச்சிருச்சு, முழுசாப் போகல. மூட்டு மாத்திரலாம்ண்ணே" என்றார். அப்போதுதான் நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன். கால் தப்பித்தது. ஆனால் மாற்று மூட்டோடு ஏலச்சரிவில் யாரும் ஏறமுடியாது.

என்மேல் விசாரணை நடந்தது. என் கையெழுத்து இருந்த அத்தனை படிவங்களிலும் உள்ள ஆட்களை இன்னொருவர் போய் நேரில் பார்த்தார். அவர் திரும்பி வரும் ஒவ்வொரு நாளும் இன்னொரு பேச்சியம்மாள் அகப்பட்டுவிடுவாளோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமலே 'ஆம்' போட்டது இன்னும் இரண்டு இருந்தது. நல்லவேளை, அந்த இரண்டு பேரும் சரியான ஆட்கள். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வார்டுக்குப் போனேன். நர்ஸம்மாவைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, "தழும்பப் பாக்கணும்த்தா, நர்ஸம்மா இருக்காக, பாக்கலாமா?" என்று கேட்டேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே கேட்டிருக்கலாம்லய்யா" என்றாள். "ஈஸ்வரி போறேன்னு சொன்னப்ப நான் எதுக்குத் தலையாட்டுனேங்கிறீக? ஆஸ்பத்திரிக்காரக கண்டுபிடிச்சிருவாகன்னுதான். மலைக்குப் போகக் கூடாதுன்னு அவுகளே சொல்லிட்டா, வீட்டுல ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாதுல்ல? அந்தச் சரிவ நெனச்சாலே எனக்கு ஒடம்பு நடுங்கும்யா. பயமா இருக்குன்னு வாயத் தொறந்து நான் யாருகிட்டச் சொல்ல? நீங்க சொல்லுவீகன்னு அன்னைக்குப் பூராம் வாசல்லயே உக்காந்திருந்தேன். அவ சீட்டோட வந்து நிக்கிறா."

நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டுச் சேலையை விலக்கினார். பழைய தழும்பு, அதன்மேல் புதியது, இரண்டையும் குனிந்து பார்த்தேன். பார்த்த பிறகு 'ஆம்' என்று எழுதினேன்.